பின்வருவது காட்டும் கண்ணாடி

(நமது சங்கக் கட்டிடத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. கேட்ட அன்பர் பலர் வேண்டியபடி இங்கு வெளியிடப்பெறுகிறது.)



இன்று மாலை இவ்விடத்தில் கல்வியைப்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எனக்கு முதலில் எழுதியிருந்தார்கள். அப்பொருளைப்பற்றி என்னினும் நன்கு பேசவல்லார் நம்முள் பலர் உளர். நானோ முப்பது ஆண்டுக்குமேல் தொழிற்கல்விக் கூடமொன்றில் பட்டறை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இரும்பும் எண்ணெயும் அறிவேனேயன்றி மேடைப் பேச்சு அறியேன். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளைப்பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். அஃது யாது என்று கேட்டார்கள். மோட்டார் சைக்கிளின் கண்ணாடி என்றேன். காரியதரிசியவர்கள் நகைத்தார்கள். அவர்கள் நகைத்ததில் குற்றமில்லை. ஆயினும் அனுமதி தந்தார்கள். அதற்கு என் நன்றி உரியதாகுக.

கூட்டம் தொடங்குமுன் நான் சற்று முன்னதாகவே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த நம்மவர் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். பிறர் பொருளை அனுமதியின்றித் தொட்டுப் பார்த்தமைக்கு மன்னிக்கவேண்டும். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் கண்ணாடிகள் இரண்டும் ஒழுங்காக இல்லை. சிலவற்றில் அடியோடு இல்லை. கழற்றிய இடத்தில் மரைத்துளை மட்டும் வானத்தை நோக்கி வாய் பிளந்து நிற்கிறது. சிலவற்றில் வலப்புறம் உண்டு, இடப்புறம் இல்லை. ஒரு வண்டியில் இரண்டும் உண்டு, ஆனால் இரண்டும் ஓட்டுபவர் முகத்தையே நோக்கித் திரும்பியிருந்தன. அவ்வண்டியின் சொந்தக்காரர் இருபது வயதுக்கு உட்பட்டவர் என்று நான் ஊகித்தேன், ஊகம் தவறவில்லை. மற்றொன்றில் கண்ணாடியின் நடுமையத்தில் சந்தனமும் குங்குமமும் சென்ற ஆயுதபூஜையன்று வைத்தபடியே காய்ந்து கிடந்தன. ஒன்றை விரலால் தொட்டேன். அது தலையாட்டும் பொம்மைபோல் அசைந்து தொங்கிற்று. அந்த அசைவைப்பற்றித்தான் இன்று நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

இந்தக் கண்ணாடியின் வரலாறு நெடியதன்று. 1909ஆம் ஆண்டில் டாரதி லெவிட் என்னும் ஆங்கில மாது மோட்டார் ஓட்டும் பெண்களுக்காக ஒரு நூல் எழுதினார். பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் உடன் வைத்துக்கொண்டு, வேண்டும்போது அதை உயர்த்திப் பின்புறம் வருவனவற்றைக் கண்டுகொள்ளலாம் என்று அதில் யோசனை கூறினார். இரண்டாண்டு கழித்து, 1911இல், அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த ஐந்நூறு மைல் பந்தயத்தில் ரே ஹரோன் என்பவர் தம் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டி வெற்றி பெற்றார். அக்காலத்தில் பந்தயக் காரில் பின்புறம் பார்த்துச் சொல்லுவதற்கென்று ஒரு மெக்கானிக் உடன் அமர்வது வழக்கம். அவர் ஆளை விட்டுக் கண்ணாடியை வைத்தார். இதுவரை பலரும் அறிந்த கதை. பலரும் அறியாதது, செங்கல் பாவிய அப்பந்தயத் தடத்தின் அதிர்ச்சியால் அக்கண்ணாடியில் ஒன்றுமே தெளிவாகத் தெரியவில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறினார் என்பது. உலகப் புகழ்பெற்ற முதற் கண்ணாடிக்கே நம் வேப்பமரத்தடி வண்டிகளுக்கு உள்ள நோய்தான் இருந்தது!

இனி என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லாவிடின் மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையில் என் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். என் வண்டியின் இடக் கண்ணாடி அதற்கு முன்பே இரண்டு மாதமாகத் தளர்ந்திருந்தது. மேடு பள்ளம் ஏறி இறங்கினால் அது உட்புறம் திரும்பிக்கொள்ளும். நான் இடக்கையால் அதைத் தள்ளிச் சரிசெய்துகொண்டு போவேன். வாரத்துக்கு நாலு நாள் மாணவர்களுக்கு நட்டும் போல்ட்டும் கற்பித்தவன், என் வண்டியின் ஒரு நட்டை முடுக்க அரை நிமிஷம் ஒதுக்கவில்லை. கண்டியூருக்கு இப்பால் வருகையில் பின்னாலிருந்து ஒரு பஸ் ஊதிற்று. எந்தப் பக்கமாக முந்துகிறான் என்று பார்க்கக் கண்ணாடியை நோக்கினேன். அதில் என் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. கைப்பிடியை விட்டு இடக்கையை எடுத்துக் கண்ணாடியைத் தள்ளினேன். ஒரு தரம் தள்ளியதில் சரிப்படவில்லை, மறுபடி தள்ளினேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு விநாடிக்குப் பதினொரு மீட்டர். இரண்டு விநாடி நான் சாலையைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு மீட்டர் தூரம் என் வண்டி கண்ணில்லாமல் ஓடிற்று. நிமிர்ந்தபோது முன்னால் சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு ஓரமாகப் போன ஒரு முதியவர்மேல் மோதினேன்.

பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. இல்லாவிடில் நாங்கள் இருவரும் இல்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்து உள்ளே உலோகம் வைத்தார்கள். எழுந்து நடக்க ஐந்து மாதம் ஆயிற்று. இன்றும் கோல் ஊன்றியே நடக்கிறார். சைக்கிள் ஏற இயலாது. புல் அறுத்து வர ஆளில்லாமையால் வளர்த்த மாட்டை விற்றுவிட்டார்கள். செலவை நான் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்லுவதற்கு அதில் ஒன்றுமில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்த்து வருகிறேன். அவர் என்னை ஒருநாளும் வைததில்லை. ஒரு தடவை மாத்திரம் சிரித்துக்கொண்டே, "ஏங்க வாத்தியாரையா, பின்னால வர்றவனைப் பாக்கப் போயி முன்னால போறவனை விட்டுட்டீங்களே" என்றார். வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகவே நான் கூறுவது இதுதான்: கண்ணாடி இல்லாதது ஒரு தீமை. நிலைத்து நில்லாத கண்ணாடி அதனினும் கொடிய தீமை. இல்லாதவன் திரும்பியாவது பார்ப்பான். ஆடுகின்ற கண்ணாடியை உடையவனோ அதை நம்பிப் பார்த்து, அது பொய் காட்டியபின் அதனோடு போராடத் தொடங்குகிறான். கண்ணாடி வாங்குவோர் கண்ணாடியை மட்டுமே பார்த்து வாங்குகின்றனர். அதைத் தாங்கும் தண்டும், தண்டின் மரையும், மரைமேல் அமரும் நட்டும் கண்ணாடியின் பாகங்களே என்பதை எண்ணுவதில்லை.

முதலில் கண்ணாடியைத் தெரிந்தெடுக்கும் முறையைச் சொல்லி, பின்பு பொருத்தும் முறைக்கு வருகிறேன்.

நம் வண்டிகளில் வரும் கண்ணாடி பெரும்பாலும் குவிந்த கண்ணாடி. நிலைக்கண்ணாடிபோல் தட்டையாயிருந்தால் உருவம் உள்ளபடி தெரியும். ஆனால் ஒரு சிறு சாளரத்தின் வழியாகப் பார்ப்பதுபோல் சிறிது இடமே தெரியும். சற்றுக் குவிந்திருந்தால் அகலமான இடம் தெரியும். ஆனால் உருவம் சிறுத்துத் தோன்றும். சிறுத்துத் தோன்றுவதால் தொலைவில் இருப்பதாக நம் மனம் நம்பிவிடுகிறது. இதன் அளவு எவ்வளவு என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. 1200 மில்லிமீட்டர் வளைவு ஆரமுள்ள ஒரு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே எழுபது சென்டிமீட்டர் தூரம் என்க. இருபது மீட்டர் பின்னால் வரும் லாரி, அக்கண்ணாடியில், நாற்பது மீட்டருக்கும் அப்பால் வருவதுபோன்ற அளவினதாகத் தோன்றும். நீங்கள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகிறீர்கள், லாரி அறுபதில் வருகிறது என்றால், அது உங்களை எட்ட ஐந்து விநாடி உண்டு என்று கண்ணாடி சொல்லும். உண்மையில் இரண்டரை விநாடியும் இல்லை. வலப்புறம் வளைந்து ஒரு கிளைச்சாலையில் நுழைய எத்தனை விநாடி வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதனால் குவிந்த கண்ணாடி கூடாது என்று நான் சொல்லவில்லை. அகலப் பார்வை வேண்டியதே. அதன் பொய்யை அறிந்து பழகவேண்டும் என்பதே என் கருத்து. பழகுவதற்கு வழி எளிது: கண்ணாடியில் ஒரு வண்டியைப் பார்த்தவுடன், இடமிருக்கும் சாலையில், வேகம் குறைத்துத் தலையைத் திருப்பி நேரிலும் ஒரு கணம் பாருங்கள். பத்து நாளில் கண்ணுக்கு அளவு பிடிபடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கண்ணாடியும் ஒரே வளைவுடையனவாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் உடைந்ததும் கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை வாங்கி மாட்டுவதால், வலப்புறத்தில் தட்டையும் இடப்புறத்தில் குவிந்ததுமாக ஓட்டுவோரைக் கண்டிருக்கிறேன். வலக் கண்ணாடியில் அருகில் இருக்கும் பஸ் இடக் கண்ணாடியில் அடுத்த ஊரில் இருக்கும்! ஆகையால் வாங்கும்போது ஜோடியாகவே வாங்குங்கள். வளைவை அறிய வேண்டின் எஃகு அளவுகோலை அதன்மேல் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நடுவில் பட்டு இருபுறமும் ஆடினால் குவிந்தது, ஆடாமல் படிந்தால் தட்டை.

கண்ணாடியின் அளவைப்பற்றி உலக நாடுகள் சில வரம்பு செய்துள்ளன. மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்கென்று ஐக்கிய நாடுகளின் 81ஆம் எண் விதி ஒன்று உண்டு. அதன்படி கண்ணாடிப் பரப்பு 69 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. வட்டமாயின் குறுக்களவு 94 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். வளைவு ஆரம் 1000 மில்லிமீட்டருக்கும் 1500 மில்லிமீட்டருக்கும் இடையே அமையவேண்டும். கண்ணாடியின் நடு, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 280 மில்லிமீட்டராவது, அதாவது ஏறக்குறையப் பதினொரு அங்குலமாவது, வெளியே இருக்கவேண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஒரு உள்ளங்கை அளவுக்குக் குறைந்த கண்ணாடி, தோளுக்கு உட்புறமே நிற்கும் கண்ணாடி, இவ்விரண்டையும் வாங்காதிருந்தால் போதும். இலை வடிவிலும் கத்தி வடிவிலும் கடைகளில் தொங்கும் அலங்காரக் கண்ணாடிகள் பெரும்பாலும் இவ்வரம்புக்கு உட்படுவதில்லை. அவற்றில் நம் முழங்கை அழகாகத் தெரியும். முழங்கையைப் பார்க்க நூறு ரூபாயும் அதிகம்.

கைப்பிடியின் நுனியில் மாட்டும் கண்ணாடி இப்போது இளைஞரிடையே பரவியிருக்கிறது. அதில் பார்வை அகலமே, மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் அகலமும் அதனோடு கூடிவிடுகிறது. தஞ்சை கீழராஜவீதி போன்ற நெருக்கத்திலும், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவிலும் அன்றாடம் நுழைந்து செல்வோருக்கு அது உதவாது. அது எதிலேனும் தட்டினால் கண்ணாடி மட்டும் திரும்புவதில்லை, கைப்பிடியே திரும்பும்.

கடையில் சோதிக்க இன்னொரு வழி. கண்ணாடியைக் கையில் பிடித்து எதிர்க்கடையின் கதவுச் சட்டத்தையோ மின்கம்பத்தையோ அதில் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். கம்பத்தின் கோடு சீராக வளைந்து நகர்ந்தால் நல்லது. தண்ணீரில் தெரிவதுபோல் நெளிந்தால் அக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீலச்சாயம் பூசிய கண்ணாடி இரவில் கூச்சம் குறைக்கும் என்பார்கள். குறைக்கும், மழைநாள் மாலையில் விளக்கில்லாமல் வரும் மிதிவண்டியையும் அதனோடு குறைத்துவிடும்.

இனிப் பொருத்தும் முறை. தண்டின் அடியில் மரை இருக்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அது 10 மில்லிமீட்டர் விட்டமும், புரிக்குப் புரி 1.25 மில்லிமீட்டர் இடைவெளியும் உடையது. சில சிறு வண்டிகளிலும் ஸ்கூட்டர்களிலும் 8 மில்லிமீட்டர். 8 தண்டை 10 துளையில் இறக்கித் துணிநூலோ கறுப்பு டேப்போ சுற்றி இறுக்கும் கைங்கரியத்தை நம் ஊரில் எத்தனையோ முறை கண்டுவிட்டேன். அது நிற்காது, நிற்பதுபோல் சிலநாள் பாவனை செய்யும். அதற்கென்று இடைமரைத் துண்டுகள் கடையில் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள்.

மரை எத்திசையில் சுழலும் என்பதும் அறியவேண்டியது. சாதாரண மரை வலமாகச் சுழற்றினால் இறுகும். ஆனால் யமஹா வண்டிகள் பலவற்றில் வலக் கண்ணாடிக்கு மட்டும் இடது மரை. இடமாகச் சுழற்றினால்தான் இறுகும். அறியாதவர் வலமாகத் திணித்துத் துளையின் மரையையே அழித்துவிடுகின்றனர். ஏன் இவ்வாறு செய்தார்கள் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வலக் கண்ணாடியில் முன்னாலிருந்து ஏதேனும் மோதினால் அது பின்னோக்கிச் சுழலும், அச்சுழற்சி வலச்சுழற்சி. சாதாரண மரையாயின் அம்மோதல் மேலும் இறுக்கி, தண்டையோ அது நிற்கும் இடத்தையோ முறிக்கும். இடது மரையாயின் தளர்ந்து விட்டுக்கொடுக்கும். இதையே இடப்புறத்துக்குப் பொருத்திப் பாருங்கள். இடக் கண்ணாடியைக் காற்று பின்னோக்கித் தள்ளுவது இடச்சுழற்சி. சாதாரண மரைக்கு அது தளர்த்தும் சுழற்சி. இடக் கண்ணாடி விரைவில் தளர்வதற்கு இஃது ஒரு காரணம். என் வண்டியில் தளர்ந்ததும் இடக் கண்ணாடியே.

தண்டைத் துளையில் இறக்குமுன் மரையைத் துணியால் துடைத்து, பழைய துருவை நீக்குங்கள். பூட்டு நட்டை, அதாவது நம் மெக்கானிக்குகள் லாக் நட்டு என்பதை, தண்டில் மேலே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். தண்டைக் கையாலேயே சுழற்றி இறக்குங்கள், ஸ்பானர் வேண்டாம். கைக்கு இறங்காத மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அறிக. ஐந்தாறு புரியாவது உள்ளே சென்றபின், வேண்டிய திசைக்குத் தண்டைத் திருப்பி நிறுத்துங்கள். பிறகு ஒரு கையால் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டு நட்டை இறக்கி முடுக்குங்கள். பல வண்டிகளில் 14 ஸ்பானர் பொருந்தும். நட்டை முடுக்கும்போது தண்டும் சிறிது உடன் சுழலும். ஆகவே சுழலும் அளவை எண்ணித் தண்டைச் சற்றே எதிர்ப்புறமாக வைத்து முடுக்கினால், நட்டு இறுகும்போது கண்ணாடி தன் இடத்துக்கு வந்து நிற்கும். இரண்டு மூன்று தரம் செய்தால் கை பழகிவிடும். பூட்டுப் போடாத கதவுக்கும் பூட்டு நட்டு இறுக்காத தண்டுக்கும் வேறுபாடில்லை. பெரும்பாலோர் தண்டையே அடிவரை திருகி, அது எந்தத் திசையில் நின்றாலும் போதும் என்று நட்டைத் தொடாமல் விடுகின்றனர்.

முடுக்குவதிலும் அளவு வேண்டும். தண்டு இரும்பு, அது இறங்கும் இடம் வார்ப்பு அலுமினியம். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சண்டை வந்தால் தோற்பது அலுமினியம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகள் பலவற்றில் வலக் கண்ணாடி நிற்கும் துளை, பிரேக் எண்ணெய் அடங்கிய மாஸ்டர் சிலிண்டரின் உடம்பிலேயே இருக்கிறது. அத்துளையின் மரை அழிந்தால் சில நூறு ரூபாய்க் கண்ணாடிக்காகச் சில ஆயிரம் ரூபாய்ச் சிலிண்டரை மாற்ற நேரிடும். ஆகவே நீண்ட ஸ்பானரில் உடல் பாரத்தைக் கொடுத்து முடுக்கவேண்டாம். மணிக்கட்டின் பலம் போதும். ஸ்கூட்டரில் தண்டு பிளாஸ்டிக் மூடியின் வழியாக உள்ளிருக்கும் இரும்புக்குச் செல்கிறது. மூடியின்மேல் முடுக்கினால் மூடி வெடிக்கும். இரும்பின்மேல் நட்டு அமர்ந்திருக்கிறதா என்று ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் தளர்கிறதென்றால், மரைக்கென்று விற்கும் நீலநிறப் பிசினில் ஒரு சொட்டு விடலாம். சிவப்புப் பிசின் கூடாது; அது பின்னர் நெருப்புக் காட்டினால்தான் கழலும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளின் அதிர்ச்சிக்கு இது பயன்படும். 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த புல்லெட்டை ஓட்டிய பெரியவர்கள் இங்கு உளர். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கண்ணாடியில் இருந்த உலகம் முழுதும் கரைந்துபோவதை அவர்கள் அறிவார்கள். தண்டு நீண்டும் மெலிந்தும் இருந்தால் இக்கோளாறு மிகும். குட்டையான, தடித்த தண்டு நன்று.

கண்ணாடித் தலை தண்டோடு சேருமிடத்தில் ஒரு குண்டு மூட்டு உண்டு. பல கண்ணாடிகளில் அதற்கும் ஒரு சிறு நட்டோ திருகாணியோ பின்புறம் இருக்கும். அது தளர்ந்தால் தலை தொங்கும். முடுக்க வழியில்லாத மூட்டாயின், தேய்ந்தபின் மாற்றிவிடுவதே முறை. ரப்பர் வளையம் சுற்றி நிறுத்துவது சின்னாட் சீவனம்.

நட்டை முடுக்கியபின் அதைத் தளர்த்துவோர் யார் என்று ஆராய்ந்தால், காற்றும் சாலையும் பாதி, நாம் பாதி. ஹெல்மெட்டைக் கண்ணாடித் தண்டில் மாட்டித் தொங்கவிடுவது நம் வழக்கம். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை அங்கே ஊசலாடினால் நட்டு எத்தனை நாள் தாங்கும்? தண்டு ஹெல்மெட்டின் உள்ளிருக்கும் மென்மையான பாகத்தையும் அழுத்திக் குழியாக்கும். அடுத்தது கலியாண மண்டபம். வண்டிகளை நெருக்கி நிறுத்துவதற்காக யாரோ ஒருவர் நம் கண்ணாடியைத் தண்டோடு பிடித்து உள்ளே திருப்புகிறார். சாப்பிட்டு வந்து நாம் வெளியே திருப்புகிறோம். இவ்விதம் ஒரு முகூர்த்த மாதம் சென்றால் எந்த நட்டும் நிற்பதில்லை. திருப்பவேண்டியிருந்தால் தண்டைத் தொடாமல் மேலே தலையை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். ஆயுதபூஜையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இடுவது நம் மரபு. அதை விடவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. விளக்கின் மேல்விளிம்பிலோ பெட்ரோல் டாங்கியிலோ இடலாம். தெய்வம் கண்ணாடியில்தான் வேண்டும் என்று கேட்டதாக நான் அறியேன்.

கண்ணாடியைத் திருப்பி வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை நடுஸ்டாண்டில் நிறுத்தி, அன்றாடம் அமர்வதுபோலவே அமருங்கள். கண்ணாடியின் உள்விளிம்பில் உங்கள் தோளின் ஓரம் சிறிது தெரியலாம். நாலில் ஒரு பங்குக்கு மேல் தெரியவேண்டாம். சாலையும் வானமும் சேரும் கோடு ஏறக்குறைய நடுவில் நிற்கட்டும். இது தனியே செல்வோருக்கு. மனைவியும் குழந்தையும் பின்னால் அமர்ந்தால் வண்டியின் பின்புறம் தாழ்கிறது. முன்விளக்கு மேல்நோக்குகிறது, கண்ணாடியோ கீழ்நோக்குகிறது. தொலைவில் வருவது மறைந்து அருகிலுள்ள தார்ச்சாலை மட்டும் தெரியும். அப்போது தலையைச் சற்று மேலே திருப்பிக்கொள்ளவேண்டும். புறப்படுமுன் திருப்பவேண்டும், புறப்பட்டபின் திருப்பியவன் கதையை முன்னமே சொன்னேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் மூட்டையும் பால்கேனும் ஏற்றிச் செல்லும் நம் வியாபார சகோதரர்களுக்கு மூட்டை கண்ணாடியை மறைத்துவிடும். அவர்கள் மூட்டையின் அகலத்தைக் கண்ணாடிக்குள் அடக்கவேண்டும். அது இயலாவிடின் நீண்டு வெளியே செல்லும் தண்டை வாங்கவேண்டும். நீண்ட தண்டு அதிரும் என்று சற்று முன் சொன்னேன். அவர்களுக்கு வேறு வழியில்லை, ஆதலின் தடித்ததாகப் பார்த்து வாங்கட்டும்.

எவ்வளவு திருத்தமாக வைத்தாலும் கண்ணாடிக்கும் கடைக்கண்ணுக்கும் இடையே தெரியாத இடம் ஒன்று உண்டு. இதை வீட்டில் எல்லோருமாகச் சோதிக்கலாம். வாசலில் வண்டியை நிறுத்தி ஒருவர் அமர்ந்து முன்னோக்கிப் பார்த்திருக்க, ஒரு பிள்ளை பின்னால் இருபதடி தள்ளி நின்று, வண்டிக்கு ஒரு பாகம் விலகி மெல்ல முன்னோக்கி நடந்து வரட்டும். கண்ணாடியிலிருந்து அவன் மறைந்தவுடன் "மறைந்தாய்" என்று சொல்லவேண்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு. கடைக்கண்ணில் அவன் தோன்றியவுடன் "வந்தாய்" என்று சொல்லவேண்டும், இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக ஒளிந்துகொள்ளும் என்பதைப் பிள்ளைகளே கண்டு வியப்பார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. அவர்கள் வளர்ந்து வண்டி ஓட்டும்போது திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியிராது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகள் நம் குடும்பங்களில் மிகப் பலர். வீட்டில் அண்ணனும் தம்பியும் உங்கள் வண்டியைக் கடன் வாங்கிச் செல்லும்போது கண்ணாடியைத் தங்கள் உயரத்துக்குத் திருப்பிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை அவசரத்தில் நீங்கள் புறப்பட்டுப் பாதிவழியில் அதைக் கவனிப்பீர்கள். அப்படி நேர்ந்தால் ஓரமாக நிறுத்திச் சரிசெய்துகொள்ளுங்கள். பள்ளிக்கூட மணி அடித்துவிடும், ஆபீசில் கையெழுத்து வைக்கும் நேரம் தவறிவிடும், தவறட்டும்.

சட்டத்தைப்பற்றி நான் அதிகம் பேசவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் 1989இல் வகுத்த மத்திய விதிகளும் இருக்கின்றன; போலீசாரும் இருக்கின்றனர். ஆனால் போலீசாருக்காக மாட்டிய கண்ணாடி தளர்ந்திருப்பதைப் போலீசார் பார்ப்பதில்லை. மாட்டியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். என் கண்ணாடியும் அன்று மாட்டித்தான் இருந்தது.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பட்டறைப் பையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அதில் 12, 13, 14, 17 ஸ்பானர்களும், துருப்போக்கும் எண்ணெயும், நீலப் பிசின் ஒரு குப்பியும் உள. காரியதரிசியவர்கள் காப்பி பலகாரம் ஆயத்தமாக அரைமணி ஆகும் என்கிறார்கள். அதுவரை வேப்பமரத்தடியில் இருப்பேன். தொங்கும் கண்ணாடியை உடையவர் முதலில் வரலாம். அது சிவப்பு வண்டி, வாயிலுக்கு இடப்புறம் மூன்றாவதாக நிற்கிறது.